மிளகாய்க் கை

1

எண்பத்து மூன்று வயதில், போன மாதம், முதன்முறையாக என்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தேனாம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். ஆயுதம் நம் திண்டுக்கல்லிலிருந்து வந்ததுதான். என் தங்கை மகன் முருகேசன், இங்கே வந்த ஒருவர் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பியது. விரல் நீளக் குப்பி, சிவப்பு மூடி, உள்ளே மிளகாய்ச் சாறு.

“மாமா, அங்கிட்டெல்லாம் தனியாத்தான நடந்து போறீக? எவனாச்சும் வம்புக்கு வந்தா மூஞ்சியப் பாத்து ஒரு அமுக்கு. செத்த நேரம் கண்ணத் தொறக்க மாட்டான். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீக” என்று போனில் சொன்னான். ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்பதை இரண்டு முறை சொன்னான். என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கலாம்.

நான் இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்ஹாமிலிருந்து பேருந்தில் அரை மணி தூரத்தில் ஓர் ஊர். செவ்வாய்க்கிழமை தோறும் நூலகத்துக்குப் போய்வருவேன். அன்று மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆள் என் தோள்பையைப் பிடித்து இழுத்தான். பைக்குள் இருந்தவை இரண்டு புத்தகங்கள், மூட்டுவலி மாத்திரை, ஒரு வாழைப்பழம். அதற்காக உயிரை விட வேண்டியதில்லை. ஆனாலும் பையை விடவில்லை. சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தேன். மூடி திறக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எப்படித் திறப்பது என்று படித்தேன். முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. குலுக்கினேன். அந்த ஆள் என் கையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்து போய்விட்டான்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்திருப்பார்கள். நான் வீட்டுக்குப் போய் நான்கு பத்திகளில் ஒரு புகார் எழுதினேன். வயது, விலாசம், சம்பவ இடம், நேரம், அடையாளம். புகார் கொடுக்கிறவன் சம்பந்தப்பட்ட பொருளையும் ஒப்படைக்க வேண்டும் என்பது நான் கற்ற பாலபாடம். போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகாரை நீட்டினேன். அதன்மேல் குப்பியை வைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி என் மகள் வயதுக்காரர். புகாரைப் படித்தார். குப்பியைத் தொடவில்லை. உள்ளே போய் ரப்பர் கையுறையும் ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொண்டு வந்தார். இந்த நாட்டில் இது துப்பாக்கிகளோடு ஒரே சட்டத்தில் வருகிறது என்று மிக மரியாதையாகச் சொன்னார். பையை இழுத்தவன் எங்கோ போய்விட்டான். ஆயுதத்தோடு, கையெழுத்திட்ட ஒப்புதலையும் எடுத்துக்கொண்டு, தானாக நடந்துவந்து நிற்கிறவன் நான்.

2

“அப்பா, நீங்க வெப்பன் வச்சிருந்தீங்கன்னு போலீஸ் எனக்குப் போன் பண்றாங்க. என்ன வெப்பன்? தோசைக் கரண்டியா?”

இது என் மகள் தேன்மொழி. அலுவலகத்தில் அவளுக்கு மோலி என்று பெயர். எனக்குச் சொல்லாமல் முப்பது வருடமாக மோலியாக இருந்திருக்கிறாள் என்பது அவளுடைய பிரிவுபசார அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

“மிளகாய்” என்றேன்.

“என்னது?”

“மிளகாய்த் தண்ணி. குப்பியிலே.”

“பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாமே. யாராவது போலீஸ்ல கொண்டுபோய்க் குடுப்பாங்களா?”

கேள்வி நியாயமானது. முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போகிறவன்தான் வாதி, மற்றவன் பிரதிவாதி. இதுதான் நான் திண்டுக்கல்லில் கண்ட நடைமுறை. அதனால்தான் முந்திக்கொண்டேன். முந்திப் போய்ப் பிரதிவாதி ஆனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அதில் ஒரு கட்டம். இந்த நாட்டு நகராட்சியில் முப்பது வருடம் குடியிருப்பு விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்தவனிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்று குறியிட்டேன். ஒரு திருத்தமும் செய்தேன். கடிதத்தில் ஒரே பத்தி எண் இரண்டு முறை வந்திருந்தது.

கடிதம் வந்த அன்றைக்குத் தேன்மொழி வந்திருந்தாள். சமையலறையில் பச்சை மிளகாய் நறுக்கினாள், மருத்துவமனையில் போடுவதுபோல் நீல நிறக் கையுறை போட்டுக்கொண்டு. “கண்ணுல பட்டுட்டா ரெண்டு நாளைக்கு லென்ஸ் போட முடியாதுப்பா” என்றாள்.

அந்தக் கையுறையைப் பார்த்ததும் எனக்கு வெள்ளையம்மாவின் கை நினைவுக்கு வந்தது. பெயர் நான் மாற்றியது. வழக்கு நிஜம்.

3

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். பி.ஏ. படித்தவன், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருவனுக்கு எவ்வளவு தலைக்கனம் இருக்குமோ அவ்வளவும் இருந்தது. காலையில் சைக்கிளில் வருவேன். பூட்டுப் பட்டறைகளில் அரம் போடும் சத்தம் தொடங்கியிருக்கும். காற்று ஒரு பக்கமாக அடித்தால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை, மறுபக்கமாக அடித்தால் பூ மார்க்கெட் மல்லிகை. மாசி, பங்குனியில் இரண்டையும் அமுக்கிக்கொண்டு மிளகாய் நெடி வரும். மண்டிகளில் வற்றல் வந்து இறங்கும் காலம் அது. குதிரை வண்டிக்காரன் தும்முவான், குதிரையும் தும்மும்.

அந்த மண்டிகளில் பெண்களுக்குக் காம்பு கிள்ளும் வேலை. மலைபோல் கொட்டிக் கிடக்கும் வற்றலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட வேண்டும். பொழுது சாயும்போது உள்ளங்கை நெருப்பாக எரியும். சோப்புப் போட்டால் போகாது. மோரில் கையை ஊற வைப்பார்கள், விளக்கெண்ணெய் தடவுவார்கள். அப்படியும் அந்தக் காரம் மறுநாள் விடியும்வரை தோலுக்குள்ளேயே இருக்கும். காம்பு கிள்ளுகிறவள் தன் கண்ணைத் தானே கசக்க மாட்டாள். தூசி விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவளிடம்கூடக் கேட்க முடியாது, அவள் கையும் அதே கை. முந்தானையைச் சுருட்டி ஒற்றிக்கொள்வார்கள்.

வெள்ளையம்மா சாணார்பட்டிப் பக்கம். இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் கணவன் பெரியாண்டி தோட்ட வேலைக்காரன். ஆறு மாதக் கைக்குழந்தை. அவள்மேல் மண்டியில் வேலை வாங்கும் மேஸ்திரி கொடுத்த புகார் இதுதான்: வேலை சுத்தமில்லை என்று அவளைக் கண்டித்தார். அதற்கு அவள் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு ஒரு கை மிளகாய்ப் பொடியை அவர் கண்ணில் வீசிவிட்டு ஓடிப்போய்விட்டாள். இந்தியத் தண்டனைச் சட்டம் முந்நூற்று இருபத்து நான்காம் பிரிவு, அபாயகரமான பொருளால் காயப்படுத்துதல். எங்களுடையவர் இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட். ஆறு மாதம் வரை உள்ளே தள்ள அவருக்கு அதிகாரம் உண்டு.

மேஸ்திரி கண்ணில் பஞ்சோடு குதிரை வண்டியில் போலீசுக்குப் போனபோது, வெள்ளையம்மா ஊருக்குப் போய் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தானும் ஒரு புகார் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு வக்கீலும் இல்லை.

முதல் நாள் குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டினேன். “ஒத்துக்கிறியா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“கையை வச்சது நெசந்தான் எசமான்.”

“கையை வச்சியா, பொடியை வீசினியா?”

“கையைத்தான் எசமான். ரெண்டு கையையும்.”

“எதுக்கு வச்சே?”

அவள் கூண்டின் மரச்சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக்கூட அவள் கையால் பிடிக்கவில்லை. முழங்கையை ஊன்றியிருந்தாள். மாஜிஸ்திரேட் இன்னொரு முறை கேட்டார். பிறகு, குற்றத்தை மறுப்பதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மூக்குப்பொடி போடுகிறவர். பொடி மட்டையைத் தட்டியபடியே யோசிப்பார்.

4

கோர்ட் சிப்பந்தி கட்சிக்காரர்களோடு பேசக் கூடாது. அது விதி. அந்த விதியை எனக்கு முன்னால் இருந்தவர்கள் தேங்காய், கோழி, மல்லிகைப்பூ என்று பலவகையில் மீறியிருக்கிறார்கள். நான் அன்று ஒன்றும் வாங்காமலே மீறினேன்.

அடுத்த வாய்தாத் தேதியை எழுதிக் கொடுக்கிற சாக்கில் வராந்தாவுக்குப் போனேன். பெரியாண்டி டீ வாங்கப் போயிருந்தான். குழந்தை அவள் பக்கத்தில் ஒரு துணியில் கிடந்தது.

“ஏம்மா, எதுக்குக் கையை வச்சேன்னு ஐயா கேட்டப்போ வாயைத் திறந்திருக்கலாம்ல? அந்த ஆள் என்ன செஞ்சான்னு சொன்னாத்தான் நீ தப்பிக்கலாம்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க படிச்சவுகதான?”

“ஏன்?”

“அந்தா டீக்கடையில நிக்கிறாருல்ல எங்க வீட்டுக்காரரு. அவரு காதுல அது விழுந்துச்சுன்னு வைங்க. இன்னிக்குப் பொழுது சாயுமுன்ன அருவாளத் தூக்கிட்டு மண்டிக்குப் போயிருவாரு. எனக்கு ஆறு மாசம் செயிலு. அவருக்கு?” குழந்தையைத் தாடையால் காட்டினாள். “இதுக்கு யாரு இருக்கா?”

“அவருகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?”

“சண்டை வந்துச்சு, கை பட்டுருச்சுன்னு. அம்புட்டுத்தேன்.”

பெரியாண்டி டீயோடு வந்தான். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். டம்ளரை அவன்தான் பிடித்து அவள் வாயில் ஊற்றினான். “ஏலே பாத்து, சுடுது” என்று அவளிடம் சொன்னான். பொண்டாட்டியை ‘ஏலே’ என்று கூப்பிடுகிறவன், அதை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்ணூற்றாறாம் பிரிவு, தற்காப்புக்காகச் செய்வது எதுவும் குற்றம் ஆகாது. தொண்ணூற்றொன்பது, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. நூறாவது பிரிவு, பெண்ணைக் கெடுக்க வருகிறவனைக் கொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. சட்டம் அவளுக்குக் கொலை செய்யும் அளவுக்கு உரிமை கொடுத்திருந்தது. அவள் எடுத்துக்கொண்டது உள்ளங்கை அகலம். ஆனால் அந்த உரிமையைக் கேட்க வேண்டுமானால், நடந்ததைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லாதவளுக்கு அந்தப் பிரிவுகள் அச்சடித்த காகிதம்தான். மண்டிக்குப் பின்னால் இருந்த குடோனில் என்ன நடந்தது என்று அவள் என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5

இங்கே விசாரணை அறையில் நாற்காலிகள் மெத்தென்று இருந்தன. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். நான் சொல்லும் எதுவும் எனக்கு எதிராகப் பயன்படலாம் என்று அந்தப் பெண் அதிகாரி ஒப்பித்தார். ஓர் இடத்தில் வார்த்தை விட்டுப்போனது. எடுத்துக் கொடுத்தேன். சிரித்துவிட்டார்.

“அந்த ஆள் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தார்?”

“கை எட்டும் தூரம்.”

“நீங்கள் விலகிப் போயிருக்க முடியுமா?”

“என் முழங்காலைக் கேட்க வேண்டும்.”

“இதை அவர் முகத்தில் அடித்திருந்தால், அதற்குப் பிறகு என்ன செய்திருப்பீர்கள்?”

குப்பியில் எப்படிக் குலுக்குவது என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதனை என்ன செய்வது என்று நான் படிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. யோசித்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அதை அந்த ஒலிப்பதிவுக் கருவிக்குள் சொல்ல வாய் வரவில்லை. தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

6

திண்டுக்கல்லில் விசாரணை நாளன்று மேஸ்திரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கண் சரியாகிவிட்டது. ஆனாலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பத்தடி தூரம், ஒரு கை பொடி, வீசினாள், ஓடினாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்க வக்கீல் இல்லை. ஏதாவது கேட்கிறாயா என்று வெள்ளையம்மாவிடம் கேட்டார் மாஜிஸ்திரேட். “ஒண்ணுமில்ல எசமான்” என்றாள். நானே ஆறு மாதம் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளை. மாஜிஸ்திரேட் தன் அறையில் தயிர் சாதத்தைத் திறந்தார். நான் கையெழுத்து வாங்க வேண்டிய கட்டோடு பக்கத்தில் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம். அதன் அடியில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெரியாண்டி குத்தவைத்து, முந்தானைக்குள் குழந்தையை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் பக்கவாட்டில் அகலமாக விரிந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி, காற்றில் நின்றன. யாரோ துப்பாக்கியைக் காட்டி அசையாதே என்று சொன்னதுபோல.

மாஜிஸ்திரேட்டின் கை சாதத்திலேயே நின்றுவிட்டது.

“ஏன்யா, அந்தப் பொண்ணுக்குக் கை வெளங்காதா?”

“நல்லா வெளங்கும் சார். மிளகாய்க் கை. இப்போ வேற மண்டிக்குப் போறா. காலைல ஒரு பொழுது காம்பு கிள்ளிட்டு வந்திருப்பா. அந்தக் கையாலே பச்சைக் குழந்தையைத் தொடமாட்டாங்க சார். தொட்ட இடம் கொப்புளிச்சிடும்.”

“பொடி ஒண்ணும் இல்லாமலேயா?”

“கையே போதும் சார்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு டிபன் கேரியரை மூடினார். ஜன்னல் வழியாகப் பார்த்ததை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சாட்சிக் கூண்டின் வழியாக வராத எதையும் நீதிமன்றம் பார்த்ததாகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொடி மட்டையை எடுத்துத் தட்டினார். வெகு நேரம் தட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கூண்டேறினார். போலீஸ் தரப்பு கேட்க வேண்டியதைக் கேட்டு உட்கார்ந்தது. கோர்ட்டே கேள்வி கேட்க ஆரம்பித்தது.

“டாக்டர், கண்ணுக்குள்ளே தூள் இருந்ததா?”

“இல்லை.”

“மூக்கிலே, தலைமுடியிலே, சட்டையிலே?”

“இல்லை. இமையும் மூக்குத்தண்டும் சிவந்திருந்தது. ரெண்டு கன்னத்திலும் நெற்றியிலும் விரல் பதிஞ்ச மாதிரி தடம். எரிச்சல் தடம்.”

“வேறே?”

டாக்டர் தன் பதிவேட்டைப் பார்த்தார். “கண்ணிலே பால் விட்டிருந்தாங்க. தாய்ப்பால்னு கூட வந்தவங்க சொன்னாங்க. அப்படி விடுறது இங்கே வழக்கம்தான்.”

மாஜிஸ்திரேட் மேஸ்திரியை மறுபடியும் கூண்டுக்குக் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.

“உங்க கண்ணிலே பால் விட்டது யாரு?”

“தெரியலைங்க. கண்ணு மூடியிருந்துச்சு. கெழவி ஒருத்தி சங்குல கொண்டாந்து விட்டா.”

“கிழவிக்குப் பால் ஏது?” பின்னால் யாரோ சிரித்தார்கள். கோர்ட் சேவகன் டவாலி அதட்டினான். “அன்னிக்கு மண்டியிலே கைக்குழந்தைக்காரி எத்தனை பேர்?”

மேஸ்திரி மேலே விட்டத்தைப் பார்த்தார். “ஒருத்திங்க.”

“யாரு?”

“இவதாங்க.”

“இவதான் பொடியை வீசிட்டு ஓடிப் போயிட்டாளே?”

வெள்ளையம்மா கூண்டில் தலை குனிந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது. அவள்தான். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் மிளகாய்க் கையைத் தன்மேல் வைக்க முடியாமல், வாசல் பெருக்கும் கிழவியைக் கொண்டு சங்கில் பிடித்து, சற்று முன்னால் தன்மேல் கையை நீட்டிய ஆளின் கண்ணுக்கு அனுப்பியிருக்கிறாள். கண் எரிந்தால் பால் விட வேண்டும். வேறு எதையும் அவள் யோசித்திருக்க மாட்டாள்.

மாஜிஸ்திரேட்டின் குரல் மாறிவிட்டது. “பொடி இல்லை. பத்தடியும் இல்லை. கையாலே மூஞ்சியைப் பிடிச்சிருக்கா. அப்போ உம்ம மூஞ்சி அந்தப் பொண்ணு கைக்கு எட்டுற தூரத்துக்கு எதுக்கு வந்துச்சு?”

வழக்கே இந்த ஒரு கேள்விதான். அவர் கேட்டுவிட்டார்.

வெள்ளையம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாஜிஸ்திரேட்டை அல்ல, மேஸ்திரியையும் அல்ல. வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே சுவரோரமாகப் பெரியாண்டி தோளில் குழந்தையோடு நின்றிருந்தான். கேள்வி அவன் காதில் விழுந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் தலை மேஸ்திரி பக்கம் திரும்பியது.

நான் என் வாழ்க்கையில் அலுவலக விதியை முழுதாக மீறியது அந்த ஒரு நிமிடத்தில்தான். துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதினேன். ‘இவள் புருஷன் பின்னால் நிற்கிறான். தெரிந்தால் கொலை விழும்.’ வழக்குக் கட்டின் மேல் வைத்து, கையெழுத்துக்கு நீட்டுவதுபோல் நீட்டினேன். இன்னொரு மாஜிஸ்திரேட்டாக இருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும்.

அவர் படித்தார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி “அது வந்துங்க எசமான்...” என்று தொடங்கியிருந்தார்.

“வேண்டாம். பதில் தேவையில்லை. ஏதோ வேலை விஷயமா கிட்டக்க வந்திருப்பீர். இறங்கும்.”

அந்தக் கேள்வியை அடித்துவிடச் சொன்னார். அடித்தேன்.

7

தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அப்போதெல்லாம் அப்படித்தான். ஒருவருக்கு என்ன நடந்தது என்பதை அவருக்கே புரியாத மொழியில் படித்துக் காட்டுவதை நான் பின்னாளில் பல கூட்டங்களில் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஒரு நாளை மட்டும் கிண்டல் செய்ய மாட்டேன். வாதி சொன்ன தூரமும் பொடியும் ஓட்டமும் பொய் என்று எழுதினார். குற்றம்சாட்டப்பட்டவள் தற்காத்துக்கொண்டாள், தேவைக்கு மேல் தீங்கு செய்யவில்லை, செய்த தீங்குக்குத் தானே மருந்தும் கொடுத்திருக்கிறாள் என்று எழுதினார். வாதி எந்த நோக்கத்தோடு அவளுக்கு அருகில் போனார் என்பதை இந்த நீதிமன்றம் பதிவு செய்யத் தேவையில்லை என்று முடித்தார். பிறகு நிமிர்ந்து, தமிழில் ஒரே வரி: “குத்தம் ருசுவாகலை. நீ போகலாம்.”

மேஸ்திரி எனக்கு முன்னால் வெளியே போய்க் குதிரை வண்டியில் ஏறிவிட்டார்.

வராந்தாப் படியில் பெரியாண்டி என்னை மறித்தான். குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு படி கீழே நின்றாள்.

“அய்யா, இங்கிலீசுல அம்புட்டு நேரம் படிச்சாகளே. என்னான்னு எழுதியிருக்கு?”

அவள் என்னையே பார்த்தாள். கண்ணால் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பார்த்துவிடுவான்.

கோர்ட்டுத் தீர்ப்பைப் பொய்யாக மொழிபெயர்ப்பது எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. நடைமுறை எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த நான் அதை மட்டும் தேடிப் பார்க்கவில்லை.

“மேஸ்திரி நல்லா வேலை வாங்கத் தெரியாதவன்னு எழுதியிருக்கு. வேலையிலே சண்டை போட்டப்போ தெரியாம கை பட்டிருக்கு. சாட்சி போதலைன்னு விட்டுட்டாக.”

“அந்தாளு எதுக்குக் கிட்டக்க வந்தாருன்னு கேட்டாகளே?”

“வத்தல்ல காம்பு இருக்கான்னு பார்க்கக் கிட்டக்க வரத்தானப்பா செய்யணும்? அதைத்தான் கேட்டாரு. அது ஒண்ணுமில்லைன்னு அடிச்சாச்சு.”

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் முட்டாள் அல்ல. நம்பினானா, நம்புவது என்று முடிவு செய்தானா என்பதை அறுபது வருடம் யோசித்தும் நான் கண்டுபிடிக்கவில்லை. “அப்ப சரிங்கய்யா” என்றான். தோளில் இருந்த குழந்தையை எடுத்து அவளிடம் நீட்டினான். “இந்தா, புடி. கை கடுக்குது.”

அவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“செத்த நேரம் வச்சிருங்க. கையைக் கழுவிட்டு வாரேன்.”

கோர்ட்டுக் குழாயடிக்குப் போனாள். போகிற வழியில் மோர்க்காரியிடம் ஒரு டம்ளர் மோர் கேட்டு வாங்கினாள். குத்தவைத்து உட்கார்ந்து, மோரை உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்குகளில் விட்டு, நகக்கண்ணில் தேய்த்து, தண்ணீரில் அலசினாள். மறுபடி மோர். மறுபடி தண்ணீர். பெரியாண்டி குழந்தையோடு வெயிலில் நின்றபடி காத்துக்கொண்டிருந்தான். அடுத்த வழக்குக்கு டவாலி என்னைக் கூப்பிட்டான். நான் போகவில்லை.

கடைசியில் அவள் வலது கையை உயர்த்தி, ஒரு விரலைத் தன் கண் ஓரத்தில் லேசாக வைத்துப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டினாள். எரியவில்லை போலிருக்கிறது. எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

என் வழக்கு முடிந்துவிட்டது. பொதுநலன் கருதி மேல்நடவடிக்கை இல்லை, குப்பி அழிக்கப்படும் என்று நேற்றுக் கடிதம் வந்தது. தேன்மொழி வாசித்துவிட்டு, “போலீஸ்ல அரை மணி நேரம் என்னப்பா சொன்னீங்க?” என்று கேட்டாள். அவளுக்கு இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது? காம்பு கிள்ளுவது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

“சாட்சி போதலைன்னு விட்டுட்டாங்கம்மா” என்றேன்.